பேனாவைத் தூக்காமல் எழுத வேண்டிய கதை

1

இதை நான் கதை என்று ஆரம்பிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து கட்டுரை கேட்டார். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சேர்த்தெழுத்து சொல்லித் தரணுமா, வேண்டாமா? நீங்க இருக்கிற ஊர்ல அது இன்னும் கட்டாயமாமே. எழுதுங்க சார். கொஞ்சம் பனியும் போடுங்க, வாசகருக்குப் பிடிக்கும்" என்றார். எத்தனை கிலோ என்று நான் கேட்கவில்லை.

சேர்த்தெழுத்து என்றால் புதிதாக ஒன்றுமில்லை. நாலுகோடு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஆங்கில எழுத்து ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் கட்டச் சொல்லி நம்மைப் படுத்தினார்களே, அதுதான். இங்கே, நான் குடியிருக்கும் மலையூரான கரகோலில், நாலுகோட்டுக்குப் பதில் சாய்கோடு. மொழி கிர்கிஸ். மற்றபடி அதே வால், அதே தலை, அதே அழுகை.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் கிடையாது. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். கோழி பார்த்தால் வருத்தப்படும். என் கையொப்பத்தை நானே இரண்டாம் தடவை போட முடியாமல் இந்த ஊர் வங்கியில் அசடு வழிந்திருக்கிறேன். போதாக்குறைக்கு நான் பிறந்த மொழியின் எழுத்துகள் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் மாதிரி. பக்கத்தில் நிற்குமே தவிர, கை கோத்துக்கொள்ளாது. ஆனாலும் கட்டுரை கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது:

[கையெழுத்து என்பது ஒரு மனிதனின் ஆன்மா தாளில் பதிக்கும் —]

அடித்துவிட்டேன். ஆன்மாவை நான் பார்த்ததில்லை, அது சாய்கோட்டில் எழுதுமா நேர்கோட்டில் எழுதுமா என்றும் தெரியாது. மூன்றாம் பத்தியில் உதாரணத்துக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டாள். கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவள் எழுந்து போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்கத்தான் போனேன், இந்தம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

அவள் பெயர் புருல். கரகோலில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவள். அவளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மூன்று விதமாக முயன்றேன்.

முதல் விதம்: "மலைகளின்மீது பனி மௌனமாகப் பொழிந்துகொண்டிருந்தது. புருல் ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடி —"

இதை என் மனைவி சைராவிடம் காட்டினேன். சைரா இந்த ஊர்ப் பெண். அதே பள்ளியில் பாட்டு டீச்சர், அக்கார்டியன் வாசிப்பாள். என் எழுத்துகளைப் படித்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்வாள். எதற்கு என்றால், திட்டுவதற்கு.

"இங்க யாருங்க பனியை நின்னு பார்க்கிறா? ஷூ நனையுதேன்னு திட்டிக்கிட்டே போவோம். நீங்க வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் சுற்றுலாக்காரன் மாதிரியே எழுதுறீங்க."

இரண்டாம் விதம்: "சாக்பீஸ் தூசு அவளது விரல்களில் காலத்தைப் போல —" இதை நான் சைராவிடம் காட்டவே இல்லை.

மூன்றாம் விதம்: "ஆசிரியர் அறையில் எல்லாரும் வெளியே போன பிறகு, புருல் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தேநீர் குடித்தாள்."

இது நின்றுவிட்டது.* இதில்தான் கதையே இருக்கிறது. புருலின் வலது கை நடுங்குகிறது. மருத்துவர், சாகிற நோய் இல்லை, கூடவே இருக்கிற நோய் என்று சொல்லியனுப்பிவிட்டார். சமைக்கலாம், துவைக்கலாம், பேருந்தில் கம்பியைப் பிடிக்கலாம். எழுதுவதுதான் சிரமம். அவளுடைய வேலையோ எழுதுவது. இங்கே ஒன்றாம் வகுப்பில் எடுத்த பிள்ளைகளை நான்காம் வகுப்பு வரை அதே ஆசிரியைதான் கொண்டுபோவாள். கை விஷயம் வெளியே தெரிந்தால் இந்த வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அவளை நூலகத்தில் உட்கார வைத்து நல்லவிதமாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். அந்த நல்லவிதம்தான் அவளுக்கு வேண்டாம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

*(உண்மையில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மற்றதெல்லாம் என் கைங்கரியம். சைரா சொன்னாள்: "குளிருக்குப் பிடிச்சிருப்பாங்க. நீங்க ஒரு டீக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளையோட வேலைக்கு உலை வைக்கிறீங்க.")

3

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் பின்னால் விளங்காது.

தினமும் மாலையில் புருல் பிள்ளைகளின் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தில் சிவப்பு மையால் மாதிரி போடுவாள். மறுநாள் பிள்ளை அதைப் பார்த்து வரி முழுக்க எழுத வேண்டும். அச்சடித்த மாதிரி நோட்டு கடையில் கிடைக்கிறது. புருலுக்கு அது ஆகாது. "அச்சுக்குக் கை கிடையாது. கை இல்லாததுகிட்ட இருந்து கை என்னத்தைக் கத்துக்கும்?" என்பாள். ஒரு வார்த்தை முடியும் வரை பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவள் வகுப்பில் சட்டம்.

நடுக்கம் வந்த பிறகு ஒரு நோட்டுக்கு ஆகிற நேரம் இரண்டு நோட்டுக்கான நேரமாயிற்று. முழங்கையை மேசையில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். போட்டு முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் கோட்டில் நடுக்கம் தெரியாது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் லேசாகத் தெரியும். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தாள்.

[இந்த இடத்தில் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைக் காப்பாற்றிக் கொண்டுவந்து ஒட்டுகிறேன். பத்திரிகை ஆசிரியரிடம் முன்பணம் வாங்கிவிட்டேன்: "சேர்த்தெழுத்தால் நினைவாற்றல் வளர்கிறது என்று விஞ்ஞானிகள் —"]

"எந்த விஞ்ஞானி?" என்றாள் சைரா.

"பொதுவா, விஞ்ஞானிங்க."

"பேர் தெரியாத விஞ்ஞானியை வச்சுத்தான் எங்க மாமா குதிரைக் கொழுப்பு நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்றாரு."

பத்தியை எடுத்துவிட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, அதுதான் என் வியாதி. இதை நான் தட்டச்சில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பிழைப்பு விரல் நுனியில் ஓடுகிறது. எந்தக் கடைக்காரனும் என் எழுத்தின் சாய்வைப் பார்த்துக் கடன் கொடுத்ததில்லை. நம்மூரில் கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். இங்கேயும் விதியை நெற்றியில் எழுதியது என்றுதான் சொல்கிறார்கள். யாருடைய நெற்றியிலும் எழுத்து அழகாக இருந்து நான் பார்க்கவில்லை.

4

இப்போது வில்லன் வர வேண்டும். உலானை அப்படித்தான் உருவாக்கினேன். தலைநகரிலிருந்து வந்த புதுத் தலைமையாசிரியர், இளைஞர், மெல்லிய கண்ணாடி. ஆனால் அவரிடம் வில்லத்தனம் ஒட்டவே இல்லை. பள்ளியைச் சூடாக்கும் கொதிகலனுக்கு ஆள் வராதபோது கோட்டைக் கழற்றிவிட்டு அவரே கரி அள்ளிப் போட்டார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உலான் சொன்னது இதுதான். பள்ளிக்குக் கணினிகள் வந்திருக்கின்றன, கால அட்டவணையில் இடமில்லை. சேர்த்தெழுத்தை எடுத்துவிட்டு, பிரித்துப் பிரித்து எழுதும் அச்செழுத்து மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமாகும் நேரத்தில் பிள்ளைகள் தட்டச்சு பழகலாம். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூடி, கை தூக்கி முடிவு சொல்லட்டும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். என் புருலுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? அச்செழுத்துக்கு மாதிரியைக் கணினியிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். கை நடுங்குவது கடைசிவரை யாருக்கும் தெரியாது. நான்காம் வகுப்பு வரை இந்தப் பிள்ளைகள் அவளுடையவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கூட்டத்துக்கு அவளை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக ஒரு கப் தேநீர் போட்டுக்கொண்டேன்.

பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்தவர் குபாத். மலைப்பாதையில் மினிபஸ் ஓட்டுகிறவர். நாற்காலியும் கூடவே எழுந்தது, கையால் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"எழுத்தை எடுத்திடுங்க. இந்தக் காலத்துல யாருங்க கையால எழுதுறா? நான் கடைசியா கையால எழுதினது கல்யாணத்துல போட்ட கையெழுத்து. அதுக்கே இன்னும் அனுபவிக்கிறேன்."

சிரித்தார்கள். அவர் மனைவி வந்திருக்கவில்லை.

"சிரிக்காதீங்க. என் பொண்ணு அய்தை தினம் சாயங்காலம் நோட்டை வச்சுக்கிட்டு அழுறா. எழுதுறா, அழிக்கிறா, அழுறா. தாள் கிழிஞ்சு போச்சு. ஏழு வயசுப் பிள்ளையை அழ வச்சு என்னத்தை எழுதப் போறீங்க?"

சந்தையில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் ஹலிமா எழுந்தாள். "எழுத்து இருக்கட்டும். என் பெரியவன் போன்ல தட்டித் தட்டி, இப்ப நிதானமா சாப்பிடக்கூடத் தெரியலை. ஒரு வேலையாவது மெதுவா செய்யப் பழகட்டும்."

"நிதானம் வேணும்னா என் பஸ்ல ஏத்திவிடுங்கக்கா. மேட்டுல தன்னால நிதானம் வந்துடும்."

உலான் புருலைப் பார்த்தார். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எழுதி வைத்திருந்த வசனம்: "பெற்றோர் விருப்பம்." அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. புருல் அதைச் சொல்லவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே எழுந்தாள்.

"அழகா எழுதுறதுக்காக நான் இதைச் சொல்லித்தரலை. அழகு யாருக்கு வேணும்? இந்தப் பிள்ளைங்களைப் பார்த்திருக்கீங்கல்ல, ஒண்ணு ஜன்னலைப் பார்க்கும், ஒண்ணு பக்கத்துப் பிள்ளை ஜடையை இழுக்கும். பேனாவை எடுக்காம எழுதுறப்போ மட்டும், அந்த வார்த்தை முடியுறவரைக்கும் அங்கேயே இருக்கும். ஓடிப்போகாது. ஒரு காரியத்தை முடியுறவரைக்கும் விடாம இருக்கிறதை வேற எப்படிச் சொல்லித்தர்றதுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க, விட்டுடறேன்."

குபாத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரிக்கா. அரிச்சுவடி விழா வருதுல்ல, அன்னைக்குப் பிள்ளைங்க எழுதினதைப் பார்ப்போம். நீங்களும் எழுதுவீங்கள்ல. பார்த்துட்டு அங்கேயே கையைத் தூக்கிடறோம்."

அரிச்சுவடி விழா என்பது ஒன்றாம் வகுப்பு முதல் புத்தகத்தை முடிக்கிற நாள். பிள்ளைகள் அட்டையில் வெட்டிய எழுத்துகளை மார்பில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். கடைசியில் டீச்சர் எல்லார் முன்னாலும் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தெழுத்தில் எழுதுவாள், பிள்ளைகள் விரலால் காற்றில் எழுதுவார்கள். அந்தப் பள்ளியின் வழக்கம் அது. புருல் கண்ணாடியைக் கழற்றினாலும் அன்றைக்குக் கூடத்தில் உள்ளவர்கள் கழற்ற மாட்டார்கள்.

5

இந்த இடத்தில் நான் பாத்திரத்தைச் சந்தேகித்தேன். ஒருத்தி தன் வேலைக்கு வேட்டு வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவாளா? நூறு பக்கக் கதையிலேயே நம்ப மாட்டார்கள்.

"பேசுவா" என்றாள் சைரா. "ஆனா நீங்க நினைக்கிற மாதிரி தியாகி இல்லை அவ. கர்வக்காரி. சந்தையில விலைப்பலகை எழுத்து கோணலா இருந்தா அந்தக் கடையில முட்டைக்கோஸ் வாங்க மாட்டா. தன்னோட எழுத்து இந்த ஊர்ல இருக்கிற முக்கால்வாசி கைக்குள்ள இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவ. அதை எடுத்துட்டா அவகிட்ட என்ன மிச்சம்?"

"அப்ப கர்வத்துலதான் பேசினாளா?"

"கர்வமும் இருக்கும். சொன்னதும் நிஜமா இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதா? எழுத்தாளர்னு பேரு."

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள்: நான்காம் பகுதியில் புருல் எழுந்து நின்றபோது அவள் முகத்தில் கொஞ்சம் கர்வம் இருந்தது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது அது போய்விட்டது. சேற்றில் கால் வைத்துக்கொண்டே, ஏன்டி வாயைத் திறந்தே என்று தன்னைத் தானே திட்டினாள். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் நடுங்காமல் வந்தால் போதும் என்று வீட்டில் குளியலறைக் கதவில் சோப்பால் எழுதி எழுதிப் பார்த்தாள். ஒரு தடவை நன்றாக வந்தது. அதை நம்பி இன்னொரு தடவை எழுதினாள்.

[இன்னொரு தடவை எழுதியது எப்படி வந்தது என்பதை —]

வேண்டாம்.

6

விழா அன்று கூடத்தில் பொரித்த மாவின் வாசனை. பெண்கள் போர்சோக் பலகாரத்தைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சைராவின் அக்கார்டியன் பெட்டியைத் தூக்கிவந்த தகுதியில் ஓரமாக நின்றிருந்தேன். தலையில் வெள்ளை ரிப்பன் கட்டிய பெண் குழந்தைகள் எழுத்துகளோடு ஆடினார்கள். ஒரு எழுத்து பாதியில் அவிழ்ந்து விழ, அடுத்த எழுத்து அதை மிதித்து வழுக்கி விழுந்தது. பெரிய கைத்தட்டல் அதற்குத்தான்.

கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, பிள்ளைகள் எழுதிய தாள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நோட்டில் சின்னதாய் எழுதுகிறவர்கள் அன்றைக்காகப் பெரிய தாளில், தடித்த பேனாவில், 'அம்மா ரொட்டி சுட்டாள்' என்பதுபோல ஒரே வரியை எழுதியிருந்தார்கள். குபாத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மகளின் தாளைத் தேடினார். கிடைத்தது. பார்த்தார். அடுத்த தாளுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். திரும்பி முதலிலிருந்து வந்தார்.

"இது ஏன் எல்லாம் ஆடுது?" என்று சத்தமாகவே கேட்டார்.

நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு நீளக் கோட்டிலும், மேலே ஏறும் இடத்தில், தண்ணீரில் நிழல் அசைகிற மாதிரி ஒரு சின்ன நெளிவு. எல்லாத் தாளிலும் அதே இடத்தில், அதே அளவில். ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகளின் தாளில் அது பிசகாமல் இருந்தது. ஜன்னலைப் பார்க்கிற பையனின் கோடு மட்டும் மொழுக்கென்று நேராக இருந்தது.

புருலுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோடு ஆடாமலிருந்தால்தான் அதிசயம் என்று தினமும் நோட்டில் பார்த்துக் கடந்துபோனவள், கயிற்றில் வரிசையாகத் தன் கையைப் பார்த்தாள். பலகையில் எழுதுவதற்காகச் சாக்பீஸைப் பிடித்திருந்த கை வெளியில்தான் இருந்தது. அதை ஒளிக்க மறந்துவிட்டாள். தாளைப் பார்த்த எல்லாரும் அடுத்தபடியாக அதைத்தான் பார்த்தார்கள்.

குபாத் மகளைக் கூப்பிட்டார். அய்தை மார்பில் எழுத்து அட்டையோடு வந்தாள். "நீ தினம் எதுக்குடா அழுதே? எழுத வரலைன்னா?"

"எழுத வந்துச்சு. டீச்சர் போடுற நெளிவுதான் வரலை. என்னோடது நேரா போயிடுச்சு. அதான் அழிச்சு அழிச்சு எழுதினேன்." பிறகு கொஞ்சம் பெருமையோடு, "இப்ப வருது" என்றாள்.

குபாத் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கூடத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நானும் என் ஷூவைப் பார்த்தேன். நனைந்திருந்தது.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) புருல் கரும்பலகைக்குப் போகிறாள். கடவுள் அருளால் கை நிற்கிறது. முத்து முத்தாக ஒரு வரி. கூடம் எழுந்து நின்று கைதட்டுகிறது. வெளியே பனி. பத்திரிகை ஆசிரியர் கேட்ட பனியை இங்கே தாராளமாகப் போடலாம்.

(ஆ) புருல் சாக்பீஸை அய்தையிடம் கொடுக்கிறாள். பிஞ்சுக் கை எழுதுகிறது. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் சந்தேகம் வந்தது.

(இ) நான் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நடுக்கத்தை அழித்துவிடுகிறேன். கிண்ணத்தைக் குளிருக்குத்தான் பிடித்தாள். தட்டச்சில் ஒரு பொத்தானை அழுத்துவது எனக்குக் கஷ்டமில்லை. அழுத்திப் பார்த்தேன். புருலின் கை நின்றுவிட்டது. ஆனால் கயிற்றில் தாள்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டதை எந்தப் பொத்தானை வைத்து அழிப்பது? திரும்ப எழுதினேன். மன்னித்துவிடுங்கள், அக்கா.

மூன்றையும் சைராவிடம் படித்துக் காட்டினேன். அக்கார்டியன் வாரைத் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"மூணுலயும் நீங்கதான் அவளுக்காக முடிவு பண்றீங்க. அவ சாக்பீஸைக் கீழே வச்சிட்டு, முதல்ல ஓட்டெடுப்பை முடிங்கன்னு சொல்லியிருப்பா. கூடத்துல யாரும் தனக்காகப் பரிதாபப்படுறதை அவளால ஒரு நிமிஷம்கூடப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது. எனக்கு நூல் போதலை, கடைக்குப் போகணும்."

8

எல்லாரும் குட்டி நாற்காலிகளுக்குத் திரும்பியதும் புருல் சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

"ஓட்டெடுப்பை முடிச்சிடுங்க தம்பி. யார் எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சப்புறம் எழுதலாம்."

உலான் கண்ணாடியைத் துடைத்தார். "அக்கா, நான் ஒளிச்சுப் பேசலை. சேர்த்தெழுத்து வேணும்னா மாதிரி போட நிலையான கை வேணும். அடுத்த வருஷத்துல இருந்து இந்த வகுப்பை வேற டீச்சர்கிட்டதான் கொடுக்க முடியும். அச்செழுத்துன்னா நீங்களே இருக்கலாம், மாதிரியை மிஷின் போட்டுடும். எனக்கு வேற வழி தெரியலை."

"வேற வழி இல்லை தம்பி. நீங்க சொல்றது நியாயம்தான்" என்றாள் புருல்.

குபாத் எழுந்தார். இந்த முறை நாற்காலி அவரோடு எழவில்லை. "எழுத்தும் வேணும், அக்காவும் வேணும்னா எந்தக் கையைத் தூக்கணும்?"

"அப்படி ஒரு கேள்வி இல்லீங்களே."

"இருக்கணும்ல. எழுத்தை எடுக்கச் சொல்லித்தான் நான் வந்தேன். இப்ப என் பொண்ணு கையில அவங்க கை இருக்கு. அதை எடுத்துட்டு அவங்களை வச்சுக்கிறதா, அவங்களை அனுப்பிட்டு அதை வச்சுக்கிறதா? என்னங்க கணக்கு இது?"

எழுதுகிற எனக்கே தெரியவில்லை, உலானுக்கு எங்கே தெரியப்போகிறது. அவர் பாவம், விதிப்படி கேட்டார்: "சேர்த்தெழுத்து இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க. டீச்சருக்கும் ஓட்டு உண்டு."

முதல் கை புருலுடையது. இடது கையைத் தூக்கியிருக்கலாம். விதியில் எந்தக் கை என்று இல்லை. அவள் வலது கையைத் தூக்கினாள். விரல்களை நீட்டி, தோளுக்கு மேலே, ஆறு மாதமாகக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்த கையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கினாள். அது தன் பாட்டுக்கு நடுங்கியது.

டீச்சர் கை தூக்கினால் பிள்ளைகளும் தூக்க வேண்டும் என்பது வகுப்பில் பழக்கம். மேடையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் எழுத்து அட்டைகளுக்கு மேலே வலது கையை உயர்த்தினார்கள். அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கவனமாக, அவள் செய்கிறபடியே விரல்களை அசைத்தார்கள். அய்தைக்கு நன்றாகவே வந்தது.

"பிள்ளைங்க கையை இறக்குங்க. உங்களுக்கு ஓட்டு இல்லை" என்றார் உலான். ஒருவரும் இறக்கவில்லை.

ஹலிமா கையைப் பாதி தூக்கி, முக்காட்டைச் சரிசெய்வதுபோல் அங்கேயே நிறுத்தியிருக்கிறாள். குபாத்தின் கைகள் தொப்பிக்குள் இருக்கின்றன. சைரா அக்கார்டியனைப் பிடித்திருப்பதால் தப்பித்துக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டிருப்பதால் என் இரண்டு கையும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிட நல்ல சாக்கு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

மூன்றாம் வரிசையில் உங்களுக்கும் ஒரு குட்டி நாற்காலி போட்டிருக்கிறேன். முழங்கால் இடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உலான் எண்ண ஆரம்பித்துவிட்டார், உங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். புருல் இன்னும் கையை இறக்கவில்லை. அந்தக் கையை அவளால் ரொம்ப நேரம் தூக்கி வைத்திருக்க முடியாது.